கடலோரத்தில் ஓர் இரவு தங்குவோமா?



பீடோங், செமிலிங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு ஜெராய் மலை வீட்டுப் பெரியவரைப் போன்றது. காலையில் வேலைக்குப் புறப்படும்போது முகிலைப் போர்த்திக்கொண்டு நிற்கும். மாலையில் காய்ந்த துணியை எடுக்கும்போதும் அங்கேயே நிற்கும். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலைமேல் ஏறி மேற்கே பார்த்தால் என்ன தெரியும்? கடல்! மலையைத் தினமும் பார்க்கிற நாம், அதன் காலடியில் கிடக்கும் கடலை வருடத்திற்கு ஒரு தடவையாவது பார்க்கிறோமா?

நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கடல் கடந்து வந்தவர்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, நாள் கணக்கில் அலையைப் பார்த்துக்கொண்டே பினாங்கு வந்து சேர்ந்தவர்கள். ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டு, அதன் பிறகே தோட்டம் பார்த்தவர்கள் பலர். அவர்கள் கரையேறி உள்ளே வந்தார்கள். பால்மரக் காட்டுக்குள் நம்மை வளர்த்தார்கள். மூன்று தலைமுறை ஆனபின், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பாடப்புத்தகத்தில் வரும் நீல வண்ணப் படம்தான்.

கட்டுரை வகுப்பில் ‘கடற்கரையில் ஒரு நாள்’ என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். காலையில் போனோம், மணல் வீடு கட்டினோம், மாலையில் களைப்புடன் வீடு திரும்பினோம். ஒரு சிறுமி மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, “நாம திரும்பி வந்த பிறகு ராத்திரியில கடல் என்ன சார் செய்யும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கரும்பலகையில் விடை எழுதலாம். ஆனால் சரியான விடை கடலோரத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஓர் இரவு அங்கே தங்க வேண்டும்.

“ஐயையோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலோரத்தில் இரவு தங்குவதா?” என்று தாய்மார்கள் பதறுவது எனக்குக் கேட்கிறது. அந்தப் பதற்றம் தவறு என்று சொல்ல மாட்டேன். பயம் உள்ளவர்தான் நன்றாகத் திட்டமிடுவார். கடலைக் கண்டு ஒதுங்கியிருப்பதால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. கடலை அறிந்துகொண்டால்தான் வரும். பெரியவர்களோடு ஒரு தடவை முறையாகப் போய் வராத பிள்ளை, பதினைந்து பதினாறு வயதில் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிளில் யாரிடமும் சொல்லாமல் போவான். அப்போது அவனுக்கு நீரேற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது.

எங்கே போவது?

நம் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. கோல மூடா மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நிலம் நாக்கைப் போல நீண்டிருக்கிறது. அங்கேதான் பந்தாய் மெர்டேக்கா. ‘சுதந்திரக் கடற்கரை’ என்று பொருள். ஒருபுறம் மலாக்கா நீரிணை. மறுபுறம் ஆற்று முகத்துவாரமும் கண்டல் மரக் காடும். எதிர்க்கரையில் தெரிவது தஞ்சோங் டாவாய் மீனவர் ஊர். நெத்திலிக் கருவாட்டுக்கும் பிலாச்சானுக்கும் பெயர் பெற்ற இடம்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து கோத்தா கோல மூடா வழியாக வேனில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். செமிலிங், மெர்போக் பக்கம் இருப்பவர்கள் தஞ்சோங் டாவாய்க்குப் போய், அங்கிருந்து பயணிகள் படகில் ஆற்றின் வாயைக் கடந்து அக்கரை சேரலாம். பிள்ளைகளுக்கு அந்தச் சிறிய படகுப் பயணமே பெரிய திருவிழா. ஆனால் படகு எந்த நேரம் வரை ஓடும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பழைய பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எப்போது போவது?

கெடாவில் பள்ளிகளுக்கு வெள்ளியும் சனியும் வார விடுமுறை. பினாங்கில் சனியும் ஞாயிறும். ஆகவே பினாங்கு உறவினர்களையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் இரு பக்கத்தாருக்கும் பொதுவான நாள் சனிக்கிழமைதான். வெள்ளி மாலை கூடாரம் போட்டு, சனி மதியத்திற்குப் பிறகு திரும்பினால், ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் களைப்பில்லாமல் பள்ளிக்குப் போகலாம். பினாங்கிலிருந்து வருபவர்கள் வேலை முடிந்து வெள்ளி இரவு வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

மாதம் எது? ரப்பர் மரம் இலையுதிர்க்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே நம் வட்டாரத்தில் மழை குறைவான காலம். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று வீசும் புயற்காற்றும் ஆண்டின் நடு மாதங்களில் உண்டு. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போக அது ஒன்றே போதும்.

இனி நாள். இங்கேதான் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி உதவிக்கு வருகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் சந்திரனும் சூரியனும் சேர்ந்து கடலை இழுக்கின்றன. அப்போது ஏறும் நீர் மிக உயரமாக ஏறும். வற்றும்போது மிகத் தாழ்வாக வற்றும். இடையில் வரும் அஷ்டமி, நவமி நாட்களில் ஏற்றமும் இறக்கமும் அடக்கமாக இருக்கும். நல்ல காரியத்துக்கு அஷ்டமி, நவமி ஆகாது என்பார் பாட்டி. கல்யாணத்துக்கு அப்படியே இருக்கட்டும். முதன்முதலாகக் கடலோரத்தில் தங்கப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு நாட்களை ஒட்டிய விடுமுறைதான் நல்ல நாள்!

கடலின் கடிகாரம்

நம் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை இறங்குகிறது. ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். வெள்ளி காலை 10 மணிக்கு நீர் நிறைந்து நின்றால், பிற்பகல் நான்கு மணி சுமாருக்கு வற்றியிருக்கும். இரவு பத்தரை வாக்கில் மறுபடி நிறையும். சனிக்கிழமை காலை ஏறக்குறைய 10.50க்கு மீண்டும் நிறைந்து நிற்கும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளையும் போடுவான்.

போகும் நாளுக்குரிய சரியான நேரங்களை அரசாங்கத்தின் நீரேற்ற அட்டவணையில் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பதால் பினாங்குக்கு உரிய நேரங்கள் நமக்கு ஓரளவு பொருந்தும். அங்கே போனதும் ஒரு மீனவப் பெரியவரிடம், “பாக் சிக், ஆயேர் பாசாங் எப்போது?” என்று கேட்டு அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு மரத்தைப் பார்த்தால் பால் எப்படி வரும் என்று தெரிவதுபோல, அவருக்குத் தண்ணீரைப் பார்த்தால் தெரியும்.

கூடாரம் போடும் இடம்

கடற்கரையில் காய்ந்த பாசி, சுள்ளி, தேங்காய் மட்டை எல்லாம் ஒரே வரிசையாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். கடல் தன் எல்லையைத் தானே கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே தள்ளி, மேட்டு நிலத்தில் கூடாரம் போடுங்கள். தென்னை மரத்தடியும், பட்டுப்போன கிளையுள்ள மரத்தடியும் ஆகாது. காற்று வீசும் பக்கம் கூடாரத்தின் முதுகு இருக்கட்டும். கழிப்பறையும் விளக்கும் உள்ள பக்கமாக இடம் பிடித்தால் பெண்களுக்குச் சங்கடம் இராது. இரவு தங்க அனுமதி உண்டா என்பதை உள்ளூர் நகராண்மைக் கழகத்தில் முன்பே கேட்டு, அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பள்ளியின் பெயரால் போவதானால் பெற்றோர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு பிள்ளையும் ஏறக்கூடாது.

கூடாரம் வாங்கப் பணம் வேண்டுமே என்கிறீர்களா? கூடார வாழ்க்கை வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சாரணர் இயக்கத்தின் முதல் முகாம் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ என்ற கடல் தீவில் நடந்தது. பேடன் பவல் அதற்குச் சுமார் இருபது சிறுவர்களை அழைத்துப் போனார். பணக்காரப் பள்ளி மாணவர்களையும் உழைப்பாளிகளின் பிள்ளைகளையும் வேண்டுமென்றே ஒரே கூடாரங்களில் கலந்து தங்க வைத்தார். திறந்த வெளியில் தகப்பனின் சம்பளம் ஒருவருக்கும் தெரிவதில்லை. கயிறு கட்டத் தெரிந்தவனே அங்கே பெரிய ஆள்.

அப்படிப் பார்த்தால் நம்மைவிடத் தகுதியானவர் யார்? நான்கு மணிக்கு எழ நமக்குத் தெரியும். ஈர விறகில் அடுப்பு மூட்டத் தெரியும். பாராங்கத்தி பிடிக்கத் தெரியும். பால்மரம் வெட்டும்போது தலையில் கட்டும் விளக்கு பல வீடுகளில் இருக்கிறது. ஒரு பெரிய கேன்வாஸ், நல்ல கயிறு, நான்கு கழி இருந்தால் பத்துப் பேருக்குக் கூரை. கீழே பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பாய். அவ்வளவுதான்.

செலவும் சாப்பாடும்

ஐந்து குடும்பங்கள் சேருங்கள். ஒவ்வொரு குடும்பமும் வாரம் மூன்று ரிங்கிட் ஒரு டப்பாவில் போட்டு வந்தால் இருபது வாரத்தில் 300 ரிங்கிட். வேன் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். மீதியைப் பங்கு போடுவது பாரமாக இராது. கணக்கு எழுதும் வேலையைப் பெரிய பிள்ளை ஒருத்தியிடம் கொடுங்கள்.

முதல் இரவுக்குப் புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் வீட்டிலேயே செய்து எடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம். கெட்டுப் போகாது, இருட்டில் சமைக்கும் தொல்லையும் இல்லை. காலையில் ரொட்டியும் தேநீரும். மதியத்துக்கு மீனவர்களிடம் மீன் வாங்கி அங்கேயே குழம்பு வைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நான்கு லிட்டர் நல்ல தண்ணீர் கணக்குப் பண்ணுங்கள். நெருப்பு மூட்டுவதற்கு அனுமதி உள்ள இடத்தில் மட்டுமே மூட்டுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். கங்கை மணல் போட்டு மூடினால் அது உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் பாதம் வெந்துவிடும்.

மருந்துப் பெட்டியில் கொசுவத்தி, பூச்சி கடிக்குத் தடவும் எண்ணெய், காயத்துக்குக் கட்டுத்துணி, ஒரு போத்தல் வினிகர் வையுங்கள். சொறிமீன் என்னும் ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல் வினிகரை ஊற்ற வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 999க்கு அழைக்க வேண்டும். கண்டல் காட்டுப் பக்கம் ‘அகாஸ்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பொடிப்பூச்சி அந்தி வேளையில் கடிக்கும். முழுக்கைச் சட்டை போடுவது நல்லது.

மாற்ற முடியாத மூன்று சட்டங்கள்

முதலாவது, ஏறும் நீரில் குளி, இறங்கும் நீரில் கரையேறு. நீர் இறங்கத் தொடங்கினால் கடல் வெளியே இழுக்கும். ஆற்று முகத்துவாரத்திலோ, ஆற்று நீரும் இறங்கும் கடலும் சேர்ந்து இழுக்கும். நீந்தத் தெரிந்தவரும் அங்கே இறங்கக் கூடாது. பிள்ளைகளை இருவர் இருவராகக் கைகோத்து விடுங்கள். இடுப்புக்கு மேல் நீர் வேண்டாம். கரையில் இரண்டு பெரியவர்கள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்ப்பது பார்ப்பதாகாது.

இரண்டாவது, மதுப் புட்டிக்கு வண்டியில் இடமில்லை. இதைச் சொன்னால் சில அண்ணன்மாருக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு போத்தல் வந்தால் ஒரு காவலாளி குறைகிறார். அவர் தூங்கும் நேரத்தில் கடல் தூங்காது. மேலும் நாம் தங்கப் போவது மலாய் மீனவர்கள் வாழும் இடம். அவர்கள் தொழுகை நேரத்தில் நம் பாட்டுப் பெட்டி அடங்கியிருப்பதும், நாம் அடக்கமாக உடுத்துவதும் விருந்தாளிக்குரிய மரியாதை.

மூன்றாவது, இரவெல்லாம் காவல். இரண்டு மணி நேரத்துக்கு இருவர் என்று பட்டியல் போடுங்கள். தோட்டத்து ‘ஜாகா’ வேலை போலத்தான். நீர் எதுவரை வந்தது என்று குச்சி நட்டு அடையாளம் வைப்பது காவல்காரரின் கடமை. பெரிய பிள்ளைகளையும் ஒரு காவலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுப்புக் கொடுத்தால் பிள்ளை ஓர் இரவிலேயே வளர்ந்துவிடும்.

மறக்க முடியாத ஒரு ஞாயிறு

2004 டிசம்பர் 26ஐச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. அன்று காலை நம் நேரப்படி ஒன்பது மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வந்தது மதியம் ஒரு மணிக்கு மேல். மலேசியாவில் 68 உயிர்கள் போயின. பினாங்கும் கோத்தா கோல மூடாவும் கண்ணீர் வடித்தன. அன்று சிதைந்த படகுகளை அடுக்கி வைத்த நினைவிடம் கோத்தா கோல மூடாவில் இருக்கிறது. போகும் வழியில் வேனை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அதிர்வுக்கும் அலைக்கும் இடையே நான்கு மணி நேரம் இருந்ததே, அதைக் கவனியுங்கள். அன்று அந்த நேரத்தைப் பயன்படுத்தி மக்களுக்குச் சொல்ல ஏற்பாடு இல்லை. அதன் பிறகு நம் நாட்டில் சுனாமி முன்னெச்சரிக்கை ஏற்பாடு உருவானது. கடலோரங்களில் அபாயச் சங்குகளும் வைக்கப்பட்டன. நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான்: சங்கு ஒலித்தாலும், பூமி அதிர்ந்தாலும், நேரமல்லாத நேரத்தில் கடல் திடீரென்று பின்வாங்கினாலும், வேடிக்கை பார்க்கக் கூடாது, மீன் பொறுக்கக் கூடாது. சாமான்களை விட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டும். எந்தச் சாலை வழியாக என்பதைக் கூடாரம் போடுமுன்பே எல்லோரும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

அந்த இரவில் என்ன கிடைக்கும்?

இவ்வளவு பாடுபட்டு என்ன காணப் போகிறோம்? மேற்கே சூரியன் கடலில் இறங்குவதைக் காண்போம். தெற்கே பினாங்குத் தீவின் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியும். வடக்கே நம் ஜெராய் மலை, நாம் ஒருபோதும் பார்க்காத பக்கத்திலிருந்து, கறுப்பாக எழுந்து நிற்கும். பழங்காலக் கப்பலோட்டிகள் அந்த மலையை அடையாளமாக வைத்துத்தான் இந்தக் கரையைக் கண்டுபிடித்தார்கள். மெர்போக் ஆற்றின் வாயில் நுழைந்துதான் வாணிகர்கள் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். கடாரம் என்று தமிழ்க் கல்வெட்டுகள் சொல்லும் நாடு இதுவே. 1025இல் இராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்ததும் இந்தக் கடல் வழியேதான். படை வந்த கதையைவிட, பல நூற்றாண்டுகள் பலநாட்டு வாணிகர்கள் காற்றுக்குக் காத்திருந்து இங்கே தங்கினார்கள் என்ற கதை பிள்ளைகளுக்கு நன்மை தரும். மெர்போக்கில் உள்ள தொல்பொருள் காட்சியகத்தில் அந்தக் காலத்துக் கோயில் அடித்தளங்களைக் காணலாம். தஞ்சோங் டாவாய் வழியாகத் திரும்புபவர்களுக்கு அது வழியிலேயே இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வரவு ஒன்று உண்டு. லயத்து வீடுகளில் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து வாழ்ந்தவர்கள் நாம். இன்று தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன. பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன. ஒரு குடும்பம் சுங்கைப் பட்டாணிக்கும், ஒன்று கூலிமுக்கும், ஒன்று பினாங்குக்குமாகப் பிரிந்து போகிறது. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் வேறு வேறு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். ஒன்றாக வளர்ந்தவர்கள் ஒன்றாக நினைத்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா? ஒரே கேன்வாஸின் கீழே படுத்து, அலை ஏறும் ஓசையைச் சேர்ந்து கேட்ட பிள்ளைகள் எங்கே போனாலும் ஒருவரையொருவர் மறக்க மாட்டார்கள்.

ஆகவே இன்றே நாள்காட்டியை எடுங்கள். பிப்ரவரியில் நவமிக்கு அருகில் வரும் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேடுங்கள். பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். பிறகு பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, “என்னக்கா, வர்றீங்களா?” என்று கேளுங்கள். மற்றவை தாமாக வரும்.